அமெரிக்கக் கதிரைக்காரரின் செத்த வீடு

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு விடாமல் வாசித்து வந்தது மரண அறிவித்தல்களை மட்டும்தான். ஊரில் இருந்தபோது பத்திரிகையில் வாசித்தேன். மெல்பேர்ன் வந்த பிறகு மகள் வாங்கித் தந்த ரப்லெற்றில் வாசிக்கிறேன். ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுவதென்றால் எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும். தகவல், குடும்பத்தினர் என்று முடியும். நடுவில் அன்பு மகன், அன்புக் கணவர், பாசமிகு தந்தை எல்லாரும் வரிசையாக வருவார்கள். பிழையாக எழுத இடமே இல்லாத ஒரு முறை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெரிபீயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கவுன்சில் மண்டபத்தில் புதன்கிழமைகளில் தமிழ் மூத்தோர் சங்கம் கூடும். மகள் என்னை அங்கே இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். நான் மூலையில் ஒரு கதிரையில் சாய்ந்து இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். யாராவது ஏதாவது கேட்டால் "ஓம்" என்று ஆமோதிப்பேன். நாலு பேர் பார்க்க வாய் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

ஒரு புதன்கிழமை கவுன்சிலில் இருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். மூளைக்கு வேலை கொடுத்தால் மறதி வராதாம். பலருடைய வாழ்க்கை வரலாறுகளைக் கணினியிலிருந்து எடுத்து, மடித்து, ஒரு பிஸ்கற் தகரப்பேணிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, எழும்பி நின்று வாசிக்க வேண்டும்.

ஒருவருக்குக் கிரிக்கெட் வீரர் வந்தார். ஒருவருக்கு மகாராணி வந்தார். எனக்கு வந்தவர் நூறு வருடங்களுக்கு முன்பே இறந்துபோன ஓர் அமெரிக்கச் சட்டத்தரணி. படத்தில் தாடி நெஞ்சு வரை கிடந்தது. பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"எனக்குப் பாட்டுக்காரி வந்திருக்கு. மாத்துவமே?"

மாற்றுவோம் என்று சொல்ல எனக்கு விருப்பம். சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்.

கடதாசி முழுக்க ஆங்கிலம். என்னோடு இருக்கிற இளைய மகள் உடுப்பு அழுத்திக்கொண்டே அதை வாசித்துச் சொன்னாள். அவளைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். முப்பத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை. இன்னும் ஒரு மாதத்தில் அவளுக்குக் கலியாணம். அது ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போன கலியாணம். முதல் தரம் மாப்பிள்ளையின் பெரியப்பா செத்தார். அடுத்த தரம் மாப்பிள்ளையின் அம்மம்மா செத்தார். இரண்டு தரமும் முப்பத்தொரு நாள் துடக்கு, அந்தத் தீட்டுக்குள் நல்ல காரியம் செய்யக்கூடாது. மாப்பிள்ளையின் தாய் பிறகு எனக்குப் போன் எடுத்து, "மூண்டாந்தரமும் ஒரு சாவு வந்து தள்ளுப்பட்டால், இது வேண்டாமெண்டு கடவுள் சொல்லுறார் எண்டுதான் நான் எடுப்பன்" என்றார். நான் "ஓம்" என்றேன். மகள் இதைக் கேட்டுவிட்டு, "இதுவும் சரிவராட்டில் இனி என்னை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"இவர் முதல்லை லோயர். பிறகு அதை விட்டிட்டு, கதிரை செய்யிற பக்ரரி நடத்தியிருக்கிறார்" என்றாள் மகள்.

"லோயர் ஏன் கதிரை செய்தவர்?"

"மாமனாரின்ரை பக்ரரி."

"சீதனமோ?"

"அம்மா, இது அமெரிக்கா."

"அப்ப சும்மாவோ குடுத்தவர்?"

மகள் கடதாசியைத் திரும்பவும் பார்த்தாள். "சீதனம் மாதிரித்தான் கிடக்கு" என்றாள்.

பிறகு அவர் எலெக்‌ஷன் கேட்டாராம். இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் வென்றாராம்.

"வெண்டு என்ன செய்தவர்?"

"ஊர் மண்டபத்துக்குக் கதிரை போட்டுக் குடுத்தவராம்."

"ஆரின்ரை கதிரை?"

"அவரின்ரை கதிரைதான்."

அந்த மனிதரை எனக்குக் கொஞ்சம் விளங்கத் தொடங்கியது. மனைவி செத்த பிறகு அவளுடைய தங்கச்சியையே கட்டியிருக்கிறார். தாயில்லாத பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும்தானே. எழுபத்தொன்பது வயதில் சளிக்காய்ச்சல் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்திருக்கிறார். அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்தநாள் காலமை குசினி மேசையில் இருந்து ஒரே மூச்சில் எழுதினேன்.

"அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சட்டத்தரணியும், கதிரை உற்பத்தியாளரும், அரசியல் பிரமுகருமாகிய பெரியவர் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற தம்பதிகளின் அன்பு மகனும், அக்கா தங்கை இருவரின் அன்புக் கணவரும், ஐந்து பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் ஆவார். இறுதிக்கிரியைகள் அவரது சொந்த ஊரில் நடைபெற்றன. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர், வெரிபீ."

அதற்குக் கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம். இலக்கம் இல்லாவிட்டால் அறிவித்தல் முடிந்த மாதிரி இல்லை. அவருடைய பெயர் நீளமானது, வாய்க்குள் நுழையாதது. அதனால் மரியாதையாகப் பெரியவர் என்று போட்டேன். வருடத்தை நான் போடவில்லை. ஊர்ப் பத்திரிகையில் நான் வாசித்த அறிவித்தல்களில் நாளும் கிழமையும்தான் இருக்கும். செத்த வருடம் எல்லாருக்கும் தெரியும்தானே.

புதன்கிழமை வந்தது. மண்டபத்துக்குள் ஏற்கெனவே வரிசையாகக் கதிரை போட்டிருந்தார்கள். எழும்பி நின்று வாசிக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. போன கிழமை வராத எங்கள் சங்கத்துச் செயலாளர், ஊரில் தபாலதிபராக இருந்தவர், வாசலில் நின்றார். கடதாசியை அவர் கையில் வைத்தேன்.

"அண்ணை, இதை நீங்களே வாசிச்சு விடுங்கோ. என்னாலை ஏலாது."

அவர் முதல் வரியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "நீ ஒண்டுக்கும் யோசியாதை தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன். நீ வீட்டை போ" என்றார். என்னுடைய பயத்தை இவ்வளவு ஆழமாக விளங்கிக்கொண்ட ஒரு மனிதரா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசிப்புத் தொடங்க முதலே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

அவர்தான் சனிக்கிழமை காலமையில் சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சிக்கு மரண அறிவித்தல் வாசிக்கிறவர். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒவ்வொரு சனியும் அவர் குரலைத்தான் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். வானொலியில் வழக்கமான சோகக் குழல் வந்தது. பிறகு அவர் வாசித்தார். அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று அவர் இழுத்துச் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் எழுதிய ஒன்றை ஒருவர் வாசித்து நான் கேட்பது அதுதான் முதல் தரம். நல்லாய்த்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு இலக்கத்தை அவர் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தேன்.

அதற்குள் போன் அடித்துவிட்டது.

முதல் அழைப்பில் பேசிய அம்மா மூச்சு விடாமல் அழுதார். இடையில் புகுந்து சொல்ல இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது அழைப்பில், "எத்தினை வயதம்மா?" என்று கேட்டார்கள். எழுபத்தொன்பது என்றேன். "என்ன வருத்தம்?" சளிக்காய்ச்சல் என்றேன். "நல்லாய்ப் பாத்தவையோ?" மனைவியின் தங்கச்சி பார்த்தவ என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் மூன்றாவது ஆளுக்கும் இப்படிச் சொன்ன பிறகு, நாலாவது ஆளுக்கு இது வேறு விஷயம் என்று எந்த வாயால் சொல்வது?

பத்து மணிக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற திருச்சிப் பிள்ளை தயிர்சாதத்தோடு வந்தாள்.

"ரேடியோல கேட்டேம்மா. நீங்க அடுப்புப் பக்கமே போகக்கூடாது. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போய், அரைவாசி வெந்த என் பூசணிக்காயை அணைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குச் சங்கத்து ஆட்கள் இரண்டு வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். இருக்கக் கதிரை போதவில்லை. அந்த மனிதர் செத்த வீட்டில் கதிரைக்குத் தட்டுப்பாடு வந்ததை நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. திருச்சிப் பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டாள். எனக்கு அவர் என்ன முறை என்று அவர்களுக்குள்ளேயே கதைத்து, பெரியப்பாவின் மகன் என்று முடிவு கட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். தலை குனிந்தால் செத்த வீட்டில் அது ஓம்தான்.

மத்தியானம் கிரெய்கிபர்னில் இருந்து மாப்பிள்ளையின் தாய் வந்தார். ஒரு மணித்தியால ஓட்டம். கூடவே அவருடைய அண்ணன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். உயரமான மனிதர். எந்தச் சபையிலும் தனக்குத் தெரியாத ஆள் என்று ஒருவர் இருப்பதைப் பொறுக்கமாட்டார்.

"அருமையான மனுசன்" என்று இருக்க முதலே தொடங்கினார். "நான் அமெரிக்கா போயிருந்தபோது அவரின்ரை வீட்டிலைதான் நிண்டனான். என்ன கதிரை. இருந்தால் எழும்ப மனம் வராது."

"உங்களுக்கும் தெரியுமே அவரை?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியுமோ? என்ரை மனுசி பக்கத்தாலை எங்களுக்குச் சொந்தம். அவர் எலெக்‌ஷனிலை ரண்டு தரம் தோத்ததை எனக்குச் சொல்லி அழுதவர்."

இரண்டு தரம் தோற்றது சரி. அது அறிவித்தலில் இல்லை. இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் திகைத்துப்போனேன். பிறகுதான் நினைவு வந்தது, அரசியலில் என்ன செய்தவர் என்று காலையில் சங்கத்து அக்கா ஒருவர் கேட்க, தோற்றதை நான்தான் சொன்னேன். கேள்விப்பட்டதையெல்லாம் அவர் வாசலுக்குள்ளேயே பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

 மாப்பிள்ளையின் தாய் என்னையும் தன் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அப்ப உங்களுக்கும் துடக்கு. எங்களுக்கும் துடக்கு. மூண்டாந்தரம்."

அந்த நேரம்தான் மகள் வேலை முடிந்து வந்தாள். வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்தவள் நான்தான் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறாள். கைப்பையை முற்றத்திலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் கதிரையில் இருப்பதைக் கண்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மா, ஹூ டைட்?"

"கதிரைக்காரர்" என்றேன்.

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

"பிள்ளைக்குக் கலியாண அவசரம். அதுக்காகச் செத்த சொந்தத்தை இல்லையெண்டு சொல்லக்கூடாது" என்றார் மாமன், மிகவும் அன்பாக.

மகள் உள்ளே போய்ப் பேணியில் வந்த அந்த ஆங்கிலக் கடதாசியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். "அங்கிள், பாருங்கோ. இவர்தான் ஆள். வெள்ளைக்காரர்."

மாமன் கண்ணாடியைப் போட்டுத் தாடியை நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், இவர்தான்" என்றார். "கடைசிக் காலத்திலை நல்லா வெளுத்திட்டார். குளிர் ஊர்தானே."

மகள் வருடத்தைக் காட்டினாள். அச்சுப்பிழை என்றார். மகளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாய் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பை மடிக்கு வந்தால் அடுத்தது எழும்புவதுதான். எழும்பினால் இந்தக் கலியாணம் இல்லை. எனக்கு அது தெரிந்தது. மகளுக்கும் தெரிந்தது. அவள் பெருவிரல் நகத்தைக் கடித்தபடி குசினி வாசலில் நின்றாள்.

"கோயில் ஐயரைக் கேப்பம்" என்றார் செயலாளர். அவர் எப்போது வந்து பின்வரிசையில் இருந்தார் என்று தெரியவில்லை. வியர்த்திருந்தார். "தங்கச்சி, நான் என்னத்தையம்மா வாசிச்சனான்?" என்று என்னிடம் அதற்குள் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

ஐயர் காரில் போய்க்கொண்டிருந்தார். போனைச் சத்தமாக வைத்து நடுவில் ஒரு ஸ்ரூலில் வைத்தார்கள். மாமனும் சங்கத்தாரும் திருச்சிப் பிள்ளையும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"ஒராள் கதையுங்கோ" என்றார் ஐயர். "செத்த நாள் தெரியாமல் நான் துடக்குப் பாக்கேலாது. அறிவித்தல் எழுதினது ஆர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவவே சொல்லட்டும்."

இருபது பேருக்கு மேல் இருந்திருப்பார்கள்.  மகள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சொல்லமாட்டா என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டபோதும் சரி, முதல் சம்பந்தம் குழம்பியபோதும் சரி, நான் ஒரு இடத்திலும் வாய் திறந்ததில்லை.

நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. போனில் கதைக்க எழும்பத் தேவையில்லை.

"ஐயா, அவர் செத்து நூறு வருசத்துக்கு மேலை" என்றேன். "நான் அவரைக் கண்டதில்லை. என்ரை அப்பாவும் கண்டதில்லை. சங்கத்திலை எழுதச் சொல்லித் தந்தவை. எனக்கு எழுதத் தெரிஞ்சது இப்பிடித்தான்."

 ஐயரின் காரில் சைகை விளக்கு டக் டக் என்று அடிப்பது மட்டும் கேட்டது.

"சரி" என்றார் ஐயர். "ஆள் சொந்தமோ, இல்லையோ?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். மாமன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் அந்தக் கண் ஒரு சின்னப் பிள்ளையின் கண் மாதிரி இருந்தது. இல்லை என்றால், இத்தனை பேருக்கு முன்னால் அவர் பொய்யர். தமையனைப் பொய்யனாக்கிய வீட்டில் அந்தத் தாய் சம்பந்தம் செய்யமாட்டார். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"அது மாமாவுக்குத்தான் தெரியும், ஐயா."

மாமன் தொண்டையைச் செருமினார். "தூரத்துச் சொந்தம்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கொஞ்சம் தூரம்."

"தூரத்துச் சொந்தம் செத்து, வருசம் கழிஞ்ச பிறகு கேள்விப்பட்டால் தலை முழுகினால் போதும்" என்றார் ஐயர். "நூறு வருசத்துக்கும் அதே முழுக்குத்தான். கலியாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. நான் இப்ப பெற்றோல் அடிக்க வேணும்."

போன் நின்றது. திருச்சிப் பிள்ளை மாமனைப் பார்த்து, "அப்ப நீங்க யார் வீட்ல சார் தங்கினீங்க?" என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள்.

"பேரன்ரை வீடாய் இருக்கும்" என்றார் மாமன். "அந்தக் குடும்பத்திலை எல்லாரும் ஒரே சாயல்."

சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்கள். வீட்டுக்குப் போய் அவர்களும் முழுகியிருப்பார்கள். செயலாளர் அடுத்த சனிக்கிழமை திருத்தம் வாசிப்பதாகச் சொன்னார். எப்படி வாசிப்பது என்று வாசலில் நின்று ஒத்திகை பார்த்தார். "காலமானதாக நாம் அறிவித்த பெரியவர் ஏற்கெனவே காலமானவர் என்பதை மகிழ்ச்சியுடன்" என்று தொடங்கி, மகிழ்ச்சி சரிவராது என்று நிறுத்திவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் தாய், ஒரு மணித்தியாலம் துடக்கோடு காரில் போகமாட்டேன், இங்கேயே முழுகுகிறேன் என்றார். அப்படியென்றால் சொந்தக்காரர் எல்லாரும் முழுக வேண்டும். எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான். இருந்தவர்களில் நெருங்கிய சொந்தம் என்றபடியால் மாமனை முதலில் விட்டார்கள். அவர் மந்திரம் சொல்லிச் சொல்லி இருபத்தைந்து நிமிடம் முழுகினார். சுடுதண்ணீர் அவரோடு முடிந்துவிட்டது. அது ஆடி மாதக் குளிர். பிறகு போன மாப்பிள்ளையின் தாய் உள்ளே ஒரு தரம் கத்தியது ஹோலுக்குக் கேட்டது. அவருக்குப் பிறகு நான் முழுகினேன். எனக்குப் பிறகு மகள், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் இவருக்கு யார் அம்மா?" என்று கேட்டாள். "முழுகு பிள்ளை" என்றேன். முழுகினாள்.

மாலையில் நாங்கள் நாலு பேரும் ஈரத் தலையோடு ஹீற்றருக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தோம். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. மாமன் தும்மினார். அரைவாசி வெந்து கிடந்த பூசணிக்காயை மகள் திரும்ப அடுப்பில் வைத்தாள். அந்த வாசம் வந்ததும் மாப்பிள்ளையின் தாய் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்தார். 

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போட்டு வாறன் என்று விடைபெற்றுப் போவதில்லை. சொல்லாமல்தான் எழும்பிப் போவார்கள். அன்று காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாசல் வரை நடந்தார். ஈரக் கொண்டையை ஒரு தரம் பிழிந்துவிட்டு, செருப்பைப் போட்டார். பிறகு திரும்பி, மகளைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை கூறைச் சீலைக்குச் சட்டை அளவு எடுக்க வேணும். பிள்ளையை வீட்டிலை நிக்கச் சொல்லுங்கோ" என்றார். "அப்ப நாங்கள் போட்டு வாறம், சம்பந்தி."